சூரிய அடுப்பும் அழுத்தக் குக்கரும்: தில்லி அடுக்களைக் கருவிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

அடுக்களைக் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இன்னார் இன்ன ஆண்டில் இன்ன கருவியை அமைத்தார் என்பதோடு அவ்வரலாறு நின்றுவிடுகின்றது. அக்கருவியை நாள்தோறும் கையாண்டவர் யார், அதனால் அவருடைய உழைப்பு குறைந்ததா கூடியதா, அவர் அதனை ஏற்றாரா மறுத்தாரா, மறுத்தாராயின் ஏன் மறுத்தார் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது.

இவ்வினாக்களை எழுப்புவதற்குத் தில்லி மாநகரம் ஏற்ற களமாக அமைகின்றது. 1950களில் இரண்டு புதிய சமையற் கருவிகள் இந்திய இல்லங்களை நோக்கி வந்தன. ஒன்று சூரிய அடுப்பு. அது தில்லியில், அரசின் ஆய்வுக்கூடத்தில் உருவானது. எரிபொருட் செலவே இல்லாதது. மற்றொன்று அழுத்தக் குக்கர். அது வணிக நிறுவனங்களின் வழியே வந்தது, விலை கொடுத்து வாங்கவேண்டியது, எரிபொருளும் வேண்டுவது. முன்னது இல்லங்களில் இடம்பெறவில்லை. பின்னது அடுத்த சில பத்தாண்டுகளில் நகர இல்லங்களின் இன்றியமையாப் பொருளாயிற்று.

சூரிய அடுப்பின் தோல்விக்கு இல்லத்துப் பெண்களின் பழமைப்பற்றே காரணம் என்று கூறப்படுவதுண்டு. இவ்விளக்கம் பொருந்துமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆய்வுக்குத் துணையாகத் தில்லித் தமிழர் இல்லங்களின் அரைவைக் கருவிகளும், கருவிகளோடு வந்த சொற்களும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

தில்லி அடுக்களையின் பின்புலம்

1911ஆம் ஆண்டு திசம்பர் 12ஆம் நாள் நடைபெற்ற தில்லி தர்பாரில், இந்தியாவின் தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என அறிவிக்கப்பட்டது. புதுதில்லி 1931ஆம் ஆண்டு முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. அரசு அலுவலகங்களோடு சென்னை மாகாணத்தைச் சேர்ந்த அலுவலர்களும் எழுத்தர்களும் தில்லிக்கு வந்தனர். 1946ஆம் ஆண்டு தில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றியது. கரோல்பாக்கு, லோதி காலனி, பின்னர் இராமகிருட்டிணபுரம் ஆகிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் மிகுதியாக வாழ்ந்தன.

இக்குடும்பங்கள் தம்முடன் ஓர் அடுக்களை மரபையும் கொண்டுவந்தன. அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, திருகை, அரிவாள்மணை, முறம், இட்லித் தட்டு, சேவை நாழி, முறுக்கு அச்சு என்பன அம்மரபின் கருவிகள். வடபுலத்து இல்லங்களிலோ சில்பட்டா எனப்படும் அரைகல், சக்கி எனப்படும் திருகை, சப்பாத்தி தேய்க்கும் சக்லாவும் பேலனும், தவா, சிம்டா எனப்படும் இடுக்கி ஆகியவை வழங்கின. அம்மியும் சில்பட்டாவும் தொன்மையில் உறவுடையவை. சிந்துவெளி ஊர்களின் அகழாய்வுகளிலும் அரைகற்கள் கிடைத்துள்ளன என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

1947ஆம் ஆண்டு நாட்டுப் பிரிவினையால் மேற்குப் பஞ்சாபிலிருந்து பெருந்தொகையான மக்கள் தில்லிக்கு வந்தனர். தெருவிலுள்ளோர் பலரும் பிசைந்த மாவைக் கொண்டுவந்து பொதுவான ஒரு தந்தூர் அடுப்பில் ரொட்டி சுட்டுச்செல்லும் வழக்கம் அவர்களோடு நகரில் பரவியது. ஓர் அடுப்பின் வெப்பத்தைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட இம்முறையில் எரிபொருளும் மிஞ்சியது; அடுப்பு மூட்டும் வேலையும் குறைந்தது.

உணவு வேறுபட்டிருப்பினும், அலுவலகக் குடும்பங்கள் அனைத்திற்கும் பொதுவானது நேரம். காலையில் பணிக்குச் செல்வோருக்கும் பள்ளிக்குச் செல்வோருக்கும் உணவு சமைத்துக் கட்டிக்கொடுக்கப்படல் வேண்டும். சமையலின் பெரும்பகுதி காலை ஒன்பது மணிக்குள் முடிந்தாக வேண்டும். இந்த ஒன்பது மணிக் கணக்கே பின்வரும் வரலாற்றில் பெரும்பங்கு வகிக்கின்றது.

சூரிய அடுப்பு

கதிரவன் வெப்பத்தில் சமைக்கும் முயற்சி இந்தியாவிற்குப் புதியதன்று. 1870களில் பம்பாயில் பணியாற்றிய வில்லியம் ஆடம்சு என்னும் ஆங்கிலேயர் ஆடிகளைக் கொண்டு ஓர் அடுப்பை அமைத்துச் சமைத்துக் காட்டினார். 1878இல் அது பற்றி நூலும் வெளியிட்டார். எனினும் அம்முயற்சி தொடரவில்லை.

விடுதலைக்குப் பின்னர் இத்துறை மீண்டும் உயிர்பெற்றது. தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்திற்கு 1947ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் சவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1950ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் வல்லபாய் பட்டேல் அதனைத் திறந்துவைத்தார். அதன் முதல் இயக்குநர் தமிழகத்து வத்திராயிருப்பில் பிறந்த அறிவியலறிஞர் கே. எசு. கிருட்டிணன் ஆவார். அவர் இயக்குநராக இருந்த காலத்தில், 1950களின் தொடக்கத்தில், எம். எல். காய் என்னும் ஆய்வாளர் இவ்வாய்வுக்கூடத்தில் சூரிய அடுப்பொன்றை வடிவமைத்தார். 1954ஆம் ஆண்டு காற்றாற்றல், கதிராற்றல் பற்றிய பன்னாட்டுக் கருத்தரங்கம் ஒன்றை யுனெசுகோ தில்லியில் நடத்தியது என்பதிலிருந்து அக்காலத்தில் இத்துறை பெற்றிருந்த முதன்மையை அறியலாம்.

அடுப்பின் அமைப்பு எளியது. அலுமினியத் தகட்டாலான குழிந்த ஆடி கதிரொளியை ஓரிடத்தில் குவிக்கும். ஒளி குவியும் இடத்தில் பாத்திரத்தை நிறுத்துவதற்குத் தாங்கி இருக்கும். கதிரவன் நகர நகர ஆடியையும் திருப்பிக்கொண்டே இருத்தல் வேண்டும். விறகும் சாணமும் எரிந்துபோவதைத் தடுத்து, சாணத்தை வயலுக்கு உரமாக்க இயலும் என்பது இதன்பால் வைக்கப்பட்ட பெருநம்பிக்கை. நாட்டுப் பொருளாதார நோக்கில் அந்நம்பிக்கை முற்றிலும் நியாயமானதே.

ஆயினும் இக்கருவி நாட்டின் கணக்கைத் தீர்க்க முனைந்ததேயன்றி அடுக்களையின் கணக்கைத் தீர்க்கவில்லை. தில்லியில் சனவரித் திங்களில் காலை ஏழு மணிக்குப் பின்னரே கதிரவன் எழுகின்றது. மூடுபனி விலகி வெயில் உறைப்பதற்குள் அலுவலகம் செல்வோர் வீட்டை விட்டுப் புறப்பட்டுவிடுகின்றனர். மாலை உணவோ இருட்டிய பின் சமைக்கப்படுவது. கோடையில் வெயிலுக்குக் குறைவில்லை. ஆனால் மே, சூன் திங்களில் நண்பகல் வெயிலில் கண்கூசும் ஆடியின் அருகே நின்று அதனைத் திருப்பிக்கொண்டிருத்தல் எளிதன்று. முற்றமோ மொட்டைமாடியோ இல்லாத குடியிருப்புகளில் அடுப்பை வைக்கவே இடமில்லை. தாளிப்பதும், சப்பாத்தியைச் சுட்டுச் சுட்டுப் பரிமாறுவதும் உண்போர் அருகிலிருந்து செய்யப்படும் பணிகள். அவற்றை வெட்டவெளிக்குக் கொண்டுசெல்ல இயலாது.

சுருங்கக் கூறின், விறகின் செலவு மிஞ்சியது. சமைப்பவரின் உழைப்பு கூடியது. இருக்கின்ற அடுப்பை விட்டுவிடவும் முடியாமையால் இது இரண்டாம் அடுப்பாகவே நிற்க நேர்ந்தது. அதற்கு விலை கொடுக்க எளிய குடும்பங்கள் முன்வாராமை வியப்பன்று.

அழுத்தக் குக்கர்

மூடிய கலனில் நீராவியை அடக்கிச் சமைக்கும் முறையை 1679ஆம் ஆண்டிலேயே தெனி பாப்பின் என்னும் பிரெஞ்சு அறிஞர் இலண்டனில் விளக்கினார். இந்தியாவில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1910ஆம் ஆண்டு வங்காளத்தைச் சேர்ந்த இந்துமாதவ மல்லிக் என்பவர் 'இக்மிக் குக்கர்' என்னும் அடுக்குக் கலனை அமைத்தார். அடியில் கரி நெருப்பும், மேலே சோறு, பருப்பு, கறி ஆகியவை தனித்தனி அடுக்குகளிலும் இருக்கும். வைத்துவிட்டு வேறு பணிக்குச் சென்றால் சில மணி நேரத்தில் உணவு ஆயத்தமாகிவிடும். இது நீராவியால் வேகவைத்ததேயன்றி மிகையழுத்தத்தைப் பயன்படுத்தியதன்று. எனினும் ஒரே நெருப்பில் ஒரு முழு உணவு என்னும் கருத்தை இது நிலைநாட்டியது.

1959ஆம் ஆண்டளவில் ஆக்கின்சு, பிரெசுடீசு ஆகிய பெயர்களில் அழுத்தக் குக்கர்கள் இந்தியாவிலேயே செய்யப்படலாயின. பிரெசுடீசு குக்கரைச் செய்த டி.டி.கே. குழுமம் சென்னையில் வேரூன்றியது என்பது தமிழர் அறிந்த செய்தி. திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கின்றது. குக்கரின் எடைக்குண்டு ஏறக்குறைய ஒரு சதுர செண்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் என்னும் அளவிற்கு மிகையழுத்தத்தை நிறுத்துவதால், கொதிநிலை 120 பாகையளவிற்கு உயர்கின்றது. உயர்ந்த வெப்பத்தில் பருப்பும் பயறும் விரைந்து வேகின்றன.

தில்லி இல்லங்களுக்கு இது பலவகையிலும் பொருந்தியது. இராசுமா, கொண்டைக்கடலை, கறுப்பு உளுந்து ஆகிய கடினமான பருப்புகளே பஞ்சாபியர் உணவின் உயிர்நாடி. அவற்றைத் திறந்த பாத்திரத்தில் வேகவைக்க மணிக்கணக்கில் அடுப்பெரிய வேண்டும். கடின நீரில் அந்நேரம் மேலும் நீளும். தமிழ் இல்லங்களிலோ சோறும் பருப்பும் தனித்தனி அடுக்குகளில் ஒரே கலனில் வெந்தன. எடைக்குண்டை நீக்கிவிட்டால் அதே கலனில் இட்லி அவிக்கலாம். வளையத்தையும் குண்டையும் எடுத்துவிட்டு, அடியில் மணலோ உப்போ பரப்பி, அதன்மேல் தட்டை வைத்துக் கேக்கு சுடும் வழக்கமும் பரவியது. வேகவைத்த பணியாரங்களையே பெரிதும் அறிந்திருந்த தமிழ் அடுக்களையில் பலருக்கு முதல் சுடுபெட்டியாக அமைந்தது குக்கரே எனலாம்.

அங்கீட்டி எனப்படும் கரியடுப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு, எரிவாயு அடுப்பு ஆகிய எதன்மேலும் இதனை வைக்கலாம். இருந்த அடுப்பையோ, சமைக்கும் இடத்தையோ, உண்ணும் வேளையையோ இது மாற்றச் சொல்லவில்லை. நெருப்பைக் காத்திருக்கும் வேலையை மட்டும் குறைத்தது.

அச்சம் இல்லாமலில்லை. குக்கர் வெடித்துவிடும் என்னும் பேச்சு எங்கும் இருந்தது. மிகையழுத்தம் ஏற்படின் உருகித் திறக்கும் காப்புக் குமிழ் இவ்வச்சத்திற்கு விடையாக அமைந்தது. 1947ஆம் ஆண்டு தில்லியைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றி, 1987ஆம் ஆண்டு இந்தியத் தர நிர்ணய அமைவனமாக மாறிய நிறுவனம் வீட்டுக் குக்கர்களுக்கென 2347 என்னும் எண்ணுடைய தரவரையறையை வகுத்தது. 2020ஆம் ஆண்டின் தரக்கட்டுப்பாட்டு ஆணை இத்தர முத்திரையைக் கட்டாயமாக்கியது. வெடிக்கக்கூடும் என்று அஞ்சிய ஒரு பொருளையே தில்லிப் பெண்கள் ஏற்றுப் பழகினர் என்பது நம் ஆய்வுக்கு மிக முதன்மையான செய்தி. புதுமையை வெறுப்பவர்கள் இதனைச் செய்திருக்க மாட்டார்கள்.

அரைவைக் கருவிகள்

குக்கர் நெருப்பின் வேலையைக் குறைத்தது. தமிழ் அடுக்களையின் கடினமான வேலையோ கல்லில் இருந்தது. இட்லிக்கும் தோசைக்கும் மாவு ஆட்டுதல் தோளையும் இடுப்பையும் வருத்தும் உழைப்பு. தில்லியின் மாடிக் குடியிருப்புகளில் பளுவான ஆட்டுக்கல்லை ஏற்றிவைப்பது ஓர் இடர். தரையில் அமர்ந்து ஆட்ட இடம் தேடுவது மற்றோர் இடர். நின்று சமைக்கும் மேடை பரவிய பின்னர், கல் மட்டும் தரையிலேயே தங்கிவிட்டது. குளிர்காலத்தில் ஆட்டிய மாவும் எளிதில் புளிப்பதில்லை. பாத்திரத்தைக் கம்பளியால் போர்த்திவைக்கும் வழக்கம் இதனால் ஏற்பட்டது.

இவ்வுழைப்பை மாற்றிய கருவிகள் இரண்டு. 1955ஆம் ஆண்டளவில் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மின்னாற்றலால் இயங்கும் ஈரமாவு அரைவைப்பொறியை அமைத்தார். ஆட்டுக்கல்லில் கல் அசையாது. குழவியைக் கை சுழற்றும். பொறியிலோ கலன் சுழலும். குழவி தன் இடத்திலேயே நிற்கும். இயக்கம் தலைகீழானபோதும் கல்லோடு கல் உரசி அரைக்கும் முறை மாறவில்லை. மெல்லச் சுழல்வதால் மாவு சூடேறுவதில்லை. கோயம்புத்தூர் அரைவைப்பொறி பின்னர் புவிசார் குறியீடும் பெற்றது.

இரண்டாவது கருவி மிக்சி. மேலைநாட்டுக் கலக்கும் பொறிகள் பழச்சாறு போன்ற மென்பொருள்களுக்கென அமைந்தவை. காய்ந்த மஞ்சளையும் கொத்துமல்லியையும் இட்டால் அவற்றின் விசைப்பொறி எரிந்துபோகும். தம் வீட்டுப் பொறி இவ்வாறு பழுதுற்றதைக் கண்ட பம்பாய்ப் பொறியாளர் சத்தியப்பிரகாசு மாத்தூர், 1960களில் இந்திய மசாலாவைத் தாங்கும் வலிய விசைப்பொறியோடு 'சுமீத்' மிக்சியை உருவாக்கினார். இக்கருவி அடுக்களையில் எழுந்த ஒரு குறையிலிருந்து பிறந்தது என்பதைக் கருதுதல் வேண்டும்.

இந்த எளிமைக்கு மறுபக்கமும் உண்டு. பிறர் வீட்டில் மாவு ஆட்டியும் நெல்லும் மாவும் இடித்தும் கூலி பெற்ற பெண்களின் பிழைப்பைப் பொறிகள் சுருக்கின. வாங்கும் வசதியுள்ள வீட்டுக்கு ஓய்வு வந்தபோது, வாங்கவியலாத வீட்டில் கல்லும் கையும் தொடர்ந்தன. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசு மிக்சி, அரைவைப்பொறி, மின்விசிறி ஆகியவற்றை விலையின்றி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. இத்திட்டம் பற்றி மாறுபட்ட கருத்துகள் உண்டு. ஆயினும் அடுக்களை உழைப்பு அரசு கருதவேண்டிய பொருள் என்பதனை அது வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

கருவியும் சொல்லும்

கருவிகளின் ஏற்பையும் மறுப்பையும் மொழி தெளிவாகக் காட்டுகின்றது. தமிழில் அரைவைத் தொழிலுக்குக் கருவிதோறும் தனி வினை உண்டு. அம்மியில் அரைப்பர்; உரலில் இடிப்பர்; ஆட்டுக்கல்லில் ஆட்டுவர்; திருகையில் திரிப்பர். கோயம்புத்தூர்ப் பொறி ஆட்டுக்கல்லின் தொழிலையே செய்தமையால் 'கிரைண்டரில் மாவு ஆட்டுதல்' என்று பழைய வினை அப்படியே நின்றது. மிக்சியின் அலகு கல்லைப்போல் உரசுவதில்லை, வெட்டிச் சிதைக்கின்றது. அதனால் 'மிக்சியில் அடித்தல்', 'ஒரு சுற்று விடுதல்' என்னும் புதிய வழக்குகள் தோன்றின. பேசுவோர் எவரும் கூடி முடிவுசெய்யாமலே தொழில்நுட்ப வேறுபாட்டை மொழி பதிவுசெய்துள்ளது.

குக்கர் ஒரு காலஅளவையையே தந்துள்ளது. 'பருப்புக்கு மூன்று விசில்' என்பது இன்று தமிழ்ச் சமையற் குறிப்புகளில் நாழிகை, நிமிடம் ஆகியவற்றிற்கு நிகரான அளவு. இந்தியிலும் 'சீட்டி' என்னும் சொல் இவ்வாறே வழங்குகின்றது. தில்லியில் அண்டை வீட்டுத் தமிழ்ப் பெண்ணும் பஞ்சாபிப் பெண்ணும் ஒருவர் மொழியை ஒருவர் அறியாவிடினும் இவ்வளவையால் சமையற் குறிப்பைப் பரிமாறிக்கொள்ள இயலும்.

இதற்கு மாறாக, சூரிய அடுப்பு நல்ல தமிழ்ப் பெயரோடு பாடநூல்களில் இடம்பெற்றது. மாணவர் அதன் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்தனர். ஆனால் அதனோடு ஒரு வினையோ, அளவையோ, பழமொழியோ பேச்சில் பிறக்கவில்லை. அழுத்தச் சமையற்கலன், மின்அம்மி என்னும் ஆக்கங்கள் நூல்களில் தங்க, குக்கரும் மிக்சியும் நாவில் நிலைத்தன. கையாளப்படும் பொருளின் பெயரே வழக்கில் வாழும் என்பது கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் கருதத்தக்கது.

பயன்பாடு அருகிய பின்னும் அம்மி மொழியில் வாழ்கின்றது. தில்லியில் நடைபெறும் தமிழ்த் திருமணங்களிலும் மணமகள் அம்மி மிதிக்கின்றாள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்னும் பழமொழியும் வழங்குகின்றது. நூற்றாண்டுகள் கைபட்ட கருவிக்கு மொழி தரும் நினைவுச்சின்னம் இது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. சூரிய அடுப்பை மறுத்த அதே நகரத்தின் இல்லங்கள் அழுத்தக் குக்கரையும் மிக்சியையும் ஏற்றன. ஆதலின் பழமைப்பற்று என்னும் விளக்கம் பொருந்தாது. எரிபொருளை மிச்சப்படுத்தும் கருவி உழைப்பையும் மிச்சப்படுத்தும் எனக் கொள்ளுதல் பிழை. சமைப்பவரின் வேளை, இடம், கவனம், உணவு ஆகிய நான்கோடும் இயைந்த கருவியே நிலைபெறுகின்றது.

சூரிய அடுப்பின் பிற்கால வரலாறும் இம்முடிவை உறுதிசெய்கின்றது. 1980களில் அரசு உதவித்தொகையுடன் பரப்பிய பெட்டி வடிவ அடுப்பு, அடிக்கடி திருப்பவேண்டிய இடரை ஓரளவு நீக்கியது. வெட்டவெளியில் சமைக்கும் இடரை நீக்கவில்லை. ஆரோவில்லின் பொதுச் சமையற்கூடத்தில் 15 மீட்டர் விட்டமுள்ள குழிகலன் நீராவி தருவதற்கென அமைக்கப்பட்டது. அங்குச் சமையல் ஒரு நிறுவனப் பணி. கருவியைக் கவனிக்கத் தனி ஆட்கள் உண்டு. நண்பகல் உணவே முதன்மை. 2022ஆம் ஆண்டு சூன் திங்களில் இந்தியன் ஆயில் நிறுவனம் தில்லியில் காட்டிய 'சூர்யா நூதன்' அடுப்பில், கதிர்த்தகடு மட்டும் வெளியே நிற்க, அடுப்பு அடுக்களைக்குள்ளேயே இருக்கின்றது. வெப்பத்தைத் தேக்கிவைத்து இரவிலும் சமைக்க இயலும் வண்ணம் அது வடிவமைக்கப்பட்டுள்ளது. தில்லிப் பெண்கள் 1950களில் சொல்லாமற் சொன்ன மறுப்பு எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு பொறியியல் வடிவம் பெற்றுள்ளது எனலாம்.

அடுக்களைக் கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் ஆய்வுக்கூட ஆவணங்களோடு சமையற் குறிப்புகள், வீட்டுக் கணக்கேடுகள், வழக்குச் சொற்கள் ஆகியவற்றையும் சான்றுகளாகக் கொள்ளுதல் வேண்டும். அம்மி, ஆட்டுக்கல், திருகை ஆகியவற்றைக் கையாண்ட தலைமுறையினர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்தம் நாவிலுள்ள தொழிற்பெயர்களையும் வினைச்சொற்களையும், தமிழகத்திலும் தில்லி போன்ற புலம்பெயர் நகரங்களிலும், விரைந்து தொகுத்தல் மொழியாய்வாளர்முன் உள்ள உடனடிப் பணியாகும்.